ஆமீனுக்குப் பிறகு

அத்தியாயம் பதினொன்று

"நீ ஒண்ணும் பேச வேணாம். வாயைத் திறக்காம இருந்தா போதும்" என்றார் சர்தார் பாஷா.

ரொட்டியைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாயைத் திறக்காம இருந்தா?" என்று கேட்டாள் ஜஹீருன்னிசா.

"திரைக்கு இந்தப் பக்கம் நின்னு மூணு தபா கேப்பேன், சம்மதமான்னு. நீ சும்மா இரு. நான் சம்மதம்னு எடுத்துக்கறேன். உன் வாயால ஒத்துக்கிட்டதா ஆவாது. அவங்க காரியமும் முடிஞ்சிரும். யாருக்கும் பேஜார் இல்ல."

"நிக்காஹ்ல கேக்கற மாதிரி."

"அதே மாதிரிதான்."

"அன்னிக்கும் நீங்கதானே பாய்ஜான் வந்து கேட்டீங்க? அப்ப எனக்குப் பதினாலு வயசு. சும்மா இருந்தேன். இப்ப முப்பத்திரெண்டு ஆச்சு."

சர்தார் பாஷா பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார்.

"நீங்க இப்ப சும்மா இருக்கீங்களே, அதை நான் இன்னான்னு எடுத்துக்கறது?"

கதவோரம் நின்றிருந்த பில்கிஸ் சிரித்துவிட்டாள். பன்னிரண்டு வயது. ஜஹீருன்னிசாவின் ஒரே மகள். இன்றைய வம்புக்கெல்லாம் மூல காரணம் அவள்தான். அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சிரிக்கிறியா? உன் கேள்வியாலதான் எல்லாம்" என்றார் மாமா.

"கிணத்துத் தண்ணி ஏன் உப்பாச்சுன்னு கேட்டேன் மாமூ. அது தப்பா?"

"கேட்டது தப்பில்ல. கண்டுபிடிச்சீங்களே, அதான் தப்பு."

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஆம்பூர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதுவரை ஒரே வழிதான் இருந்தது. ஐந்து வருடம் குர்ஆன் ஓதல், உருது எழுத்து, பூவேலைத் தையல். ஓதி முடித்த பெண்ணுக்கு ஆமீன் விருந்து வைப்பார்கள். புதுத் துணி, தலை நிறையப் பூச்சரம், தெருவுக்கெல்லாம் மிட்டாய். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வர மாட்டாள். பத்து, பதினோரு வயதில் படிப்பு முடிந்துவிடும். ஒரு வருடத்தில் கற்றதெல்லாம் மறந்தும் போகும். மறந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. விருந்து நன்றாக இருந்ததா என்பதுதான் பேச்சு.

கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போனவள் ஜஹீருன்னிசா. ஊருக்கு உஸ்தானியம்மா. ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் எல்லாவற்றையும் மாற்றினாள். ஆமீன் இருக்கட்டும், அது கொண்டாட்டம், ஆனால் அதோடு முடிவு கிடையாது என்றாள். தமிழ், கணக்கு, உடம்பைப் பற்றிய பாடம் சேர்த்தாள். கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், யாராக இருந்தாலும் புதன்கிழமை மதியம் திரும்பி வரலாம் என்றாள். வயது கேட்க மாட்டேன் என்றாள். அதைவிடப் பெரிய மாற்றம், தினமும் ஒரு மணி நேரம் கேள்விக்கு ஒதுக்கினாள். ஆசிரியைக்குப் பதில் தெரியாத கேள்வியாகப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து தேட வேண்டும். தான் சொல்லிக் கொடுக்காத நாளிலும் பிள்ளைகள் தேடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

பில்கிஸ் கிணற்றைப் பற்றிக் கேட்டாள். பிள்ளைகள் தெருத் தெருவாகச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ருசி பார்த்தார்கள். தோல் பதனிடும் டேனரியை நெருங்க நெருங்க உப்பு ஏறியது. தோலில் தடவி வருகிற உப்பு கழுவுகிற தண்ணீரோடு எங்கே போகிறது என்று ஒரு பெண் கேட்டாள். அன்று மாலை எல்லோருடைய வீட்டிலும் அந்தப் பேச்சுதான்.

பள்ளிக் கமிட்டித் தலைவர் அப்துல் வஹீத் சாஹிபுக்கு ஊரிலேயே பெரிய டேனரி. அதில் மேனேஜர் சர்தார் பாஷா. கமிட்டிக்குக் காரியதரிசியும் அவரே. பழைய பாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று போன வாரம் தலைவர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு முடிச்சு இருந்தது. பள்ளி நடக்கிற வீடு ஜஹீருன்னிசாவின் கணவர் கொடுத்தது. தலைமை ஆசிரியை சம்மதிக்காமல் பாடத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தார். அந்தச் சம்மதத்தைத்தான் இன்று கேட்கப் போகிறார்கள்.

"தோ பாரு ஜஹீரா. நான் அவர் டேனரில சோறு திங்கறேன். நீயும் உன் பொண்ணும் என் சோறு திங்கறீங்க" என்றார் சர்தார் பாஷா.

"ஆக்கறது நான்" என்றாள் அக்தரி பேகம்.

அதுவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி. இன்னொரு ரொட்டியை அவர் தட்டில் போட்டாள். வேகமாகப் போட்டாள்.

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. மதியம் எங்க சின்னம்மா வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன். அவங்களுக்கு உடம்பு சரியில்ல."

"புதன்கிழமை புதன்கிழமை உங்க சின்னம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போவுதே?"

"வயசாய்டுச்சில்ல" என்றாள் அக்தரி. ஜஹீருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

*

மதியம் பள்ளிக்கூட வாசலில் திரை கட்டிய வண்டிகள் வந்து நின்றன. பெண்கள் இறங்கி நேராக உள்ளே போனார்கள். உள்ளே போய்த்தான் புர்காவைக் கழற்றினார்கள். பாயை விரித்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சிலேட்டைத் துடைத்தாள்.

"இன்னிக்கு வகுப்பு இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள் ஜஹீருன்னிசா.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"கமிட்டிக்காரங்க சாயங்காலம் அசர் தொழுதுட்டு வருவாங்க. கூடத்துல உக்காருவாங்க. நடுவுல இந்தத் திரைதான். நீங்க இங்க இருக்கறது தெரிஞ்சா உங்க வீட்ல சும்மா விட மாட்டாங்க. இது எனக்கும் அவங்களுக்கும் உள்ள தகராறு."

"அது எப்படி?" என்றாள் அக்தரி. நான்கு மாதமாகச் சின்னம்மாவின் பெயரைச் சொல்லி அவள் வருகிற இடம் இதுதான். "படிக்கறது நாங்க. தகராறு மட்டும் உன்னுதா?"

"பாபி, முதல்ல நீங்க கிளம்புங்க. கேக்கப் போறது உங்க வீட்டுக்காரர்."

"கேக்கட்டும். வீட்ல கேட்டா காதுல வாங்க மாட்டார். இங்கயாவது வாங்கறாரா பாக்கறேன்."

பெண்கள் சிரித்தார்கள். சைரா சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டு மாதக் குழந்தை. அப்துல் வஹீத் சாஹிபின் மகள். பேரணாம்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. மூத்ததை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள், பழைய உஸ்தானியம்மாவுக்குக் குழந்தையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்து, பிறகு வாராவாரம் வர ஆரம்பித்தாள்.

"சைரா, நீ கண்டிப்பா இருக்கக் கூடாது. உங்கப்பா வர்றார்."

"தெரியும் ஆபா."

"தெரிஞ்சும்?"

"என் ஆமீனுக்கு அப்பா ஊருக்கே பிரியாணி போட்டார். இன்னும் அதைத்தான் சொல்லிக்கறார். மூணாம் வருஷம் எனக்கு எழுத்தே மறந்துபோச்சி. கல்யாணம் ஆச்சி, மூத்தது பொறந்தது. அதுக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு பாட்டில் குடுத்தாங்க. ஒண்ணு குடிக்கறது, ஒண்ணு தேய்க்கறது. மேல ஒட்டியிருந்ததைப் படிக்கத் தெரியல. தேய்க்கறதைக் குடிக்க வெச்சிட்டேன்."

பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"அல்லா காப்பாத்தினான். நான் காப்பாத்தல" என்றாள் சைரா. "நான் எங்கயும் போவல ஆபா."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. ஜஹீருன்னிசா திரையை இழுத்துச் சரிசெய்தாள். கெட்டியான பச்சைத் துணி. தரைக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது.

*

"அஸ்ஸலாமு அலைக்கும் உஸ்தானியம்மா" என்றார் அப்துல் வஹீத்.

"வ அலைக்கும் ஸலாம்" என்றாள் ஜஹீருன்னிசா.

"சுருக்கா பேசிடறேன். உங்க வீட்டுக்காரர் பெரிய மனுஷன். அவர் குடுத்த வீடு இது. அவர் பேருக்காகத்தான் ஆறு மாசம் பொறுத்தேன். பொம்பளைப் பிள்ளைங்க நல்லபடியா ஓதணும், தையல் தெரியணும், மரியாதையா இருக்கணும். அதுக்கு மேல எதுக்கு? கிணத்துல உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு பாக்கறது நம்ம வீட்டுப் பொண்ணுங்க வேலையா?"

"அந்தத் தண்ணிலதான் சோறு ஆக்கறாங்க, சாஹிப்."

கமிட்டியில் யாரோ இருமினார்கள்.

"என் பொண்ணையே எடுத்துக்குங்க. எங்க சைரா இங்கதான் ஓதினா. ஆமீன் ஆச்சி. அந்த விருந்து மாதிரி இன்னிக்கு வரைக்கும் ஆம்பூர்ல நடக்கல. அதோட படிப்பை நிறுத்தினேன். அவளுக்கு இன்னா கொறைஞ்சிடுச்சி? ராணி மாதிரி இருக்கா."

திரைக்குப் பின்னால் எல்லோரும் சைராவைப் பார்த்தார்கள். சைரா தன் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்தார் பாஷா, கேளுங்க" என்றார் தலைவர்.

சர்தார் பாஷா எழுந்து திரைக்கு அருகில் வந்தார். தொண்டையைச் செருமினார். இதே குரலில்தான் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இவளிடம் கேட்டார்.

"ஜஹீருன்னிசா பேகம். பழைய பாடத்துக்கே திரும்பறதுக்கு உனக்குச் சம்மதமா?"

"இல்லை" என்றாள் ஜஹீருன்னிசா.

கூடத்தின் கோடிவரை கேட்டது. வாசலில் நின்ற குதிரைக்குக்கூடக் கேட்டிருக்கும்.

சர்தார் பாஷா திரும்பினார். "பதில் ஒண்ணும் வரல, சாஹிப்" என்றார்.

அப்துல் வஹீத் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "சரி. அடுத்த தபா கேளுங்க" என்றார்.

ஜஹீருன்னிசாவுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. அண்ணன் பொய் சொன்னது ஆச்சரியமில்லை. அத்தனை பேர் காதால் கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்களே, அதுதான் அவளைச் சுட்டது. திரைக்குப் பின்னால் என்ன பேசினாலும் அது மௌனம்தான் என்று இவர்கள் முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

"ரெண்டாம் தபா கேக்கறேன்" என்றார் சர்தார் பாஷா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பழைய பாடத்துக்குத் திரும்பறதுக்குச் சம்மதமா?"

"இல்லைங்கறா. காது கேக்கலையா உங்களுக்கு?"

அது ஜஹீருன்னிசாவின் குரல் இல்லை. காலையில் ரொட்டி போட்ட குரல்.

சர்தார் பாஷா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் பக்கம் திரும்பவும் இல்லை. பதில் வரவில்லை என்று சொல்லவும் இல்லை.

"யாரது?" என்றார் அப்துல் வஹீத். "உள்ள இன்னும் யாரோ இருக்காங்களா?"

சர்தார் பாஷா ஓரமாக ஒதுங்கினார்.

"மூணாம் தபா நானே கேக்கறேன்" என்றார் தலைவர். "உஸ்தானியம்மா, சம்மதமா இல்லையா?"

"இல்லை!"

ஒரு குரல் இல்லை. அறை முழுக்கச் சொன்னது. இளம் குரல், கரகரத்த குரல், தமிழில் சொன்னவர்கள், உருதுவில் "நஹீ" என்றவர்கள், ஒரே நேரத்தில் சொல்லாமல் கொஞ்சம் முன்னே பின்னே சொன்னதால் அது சீக்கிரம் ஓயவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

கமிட்டியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்களில் இளையவரான இஷ்தியாக் அகமதுவுக்குச் சட்டென்று கோபம் வரும். "யாரு வீட்டுப் பொம்பளைங்க இதெல்லாம்? திரையைத் தூக்குங்க, பாத்துடலாம்!"

"தூக்குங்களேன்" என்றாள் ஜஹீருன்னிசா. "யாரு தூக்கப் போறீங்க? இஷ்தியாக் சாஹிபா? முகம் பாத்துட்டு நாளைக்கு ஊருக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?"

திரையை நோக்கி நீண்ட இஷ்தியாக்கின் கை பாதியில் நின்றது. மெதுவாகக் கீழே இறங்கியது. அந்தத் திரையைக் கட்டச் சொன்னதே கமிட்டிதான். பெண்கள் வெளியே தெரியக் கூடாது என்று கட்டச் சொன்னார்கள். இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அவர்களால் பார்க்க முடியவில்லை.

"அப்ப பேரைச் சொல்லட்டும்" என்றார் அப்துல் வஹீத். முகம் சிவந்திருந்தது. "இருட்டுல கூவறது சுலபம். தைரியம் இருந்தா பேரைச் சொல்லட்டும். அவங்கவங்க வீட்ல நானே போய்ப் பேசிக்கறேன்."

திரைக்குப் பின்னால் பாய் சரசரத்தது. பிறகு பலப்பம் கீறும் ஓசை கேட்டது. ஒன்று. பிறகு பல.

திரைக்கு அடியில் இருந்த நான்கு விரல் இடைவெளி வழியாக ஒரு சிலேட்டு வெளியே வந்தது. சர்தார் பாஷாவின் கால் அருகில் நின்றது. அவர் குனிந்து எடுத்தார்.

அக்தரி பேகம் என்று எழுதியிருந்தது. எழுத்து பெரிதாக, கோணலாக, கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது. தன் மனைவியின் கையெழுத்தை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். அவளுக்குக் கையெழுத்து என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

அடுத்தடுத்துச் சிலேட்டுகள் வந்தன. ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தரையில் சேர்ந்தன. கமிட்டிக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தன் வீட்டுப் பெயரைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். இஷ்தியாக் அகமது ஒரு சிலேட்டைக் கையில் எடுத்து, உடனே கீழே வைத்து, கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய அக்கா பெயர் அதில் இருந்தது.

கடைசிச் சிலேட்டு நேராக அப்துல் வஹீதின் செருப்பில் வந்து முட்டியது.

அவரே எடுத்தார். சைரா.

அவர் அதை நீண்ட நேரம் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து எழுத்தை அழித்தார். அழுத்தித் துடைத்தார். பிறகு சிலேட்டைக் காலால் திரைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"யாரோ வெறும் சிலேட்டைத் தள்ளியிருக்காங்க" என்றார்.

பலப்பம் கீறியது.

அதே சிலேட்டு திரும்பி வந்தது. இந்த முறை சைரா என்பதோடு நிற்கவில்லை. அப்துல் வஹீத் மகள் சைரா.

அப்துல் வஹீத் மறுபடி குனிந்தார். துண்டு கையிலேயே இருந்தது. துடைக்கப் போனவர் நிறுத்தினார். இன்னொரு முறை துடைத்தால் இன்னொரு முறை வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெருவெல்லாம் தெரியப்போவதை ஒரு துண்டால் துடைக்க முடியாது.

நிமிர்ந்தார்.

"பாடம் உங்க இஷ்டம், உஸ்தானியம்மா. எனக்குச் சம்மதம் கிடைக்கல, ஒத்துக்கறேன். நாளைக்கு எத்தினி பிள்ளைங்க வருதுன்னு பாக்கறேன். டேனரில வேலை பாக்கறவன் ஒருத்தனும் தன் பொண்ணை இங்க அனுப்ப மாட்டான்."

"அப்ப அம்மாங்க வருவாங்க" என்றாள் ஜஹீருன்னிசா.

அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வெளியே போனார். அப்போதுதான் வாசலுக்கு வந்து நின்ற தன் வீட்டு வண்டிக்காரனிடம் இரண்டு வார்த்தை சொன்னார். சைராவைக் கூட்டிப்போக வந்த வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

*

கூடம் காலியானது. சர்தார் பாஷா மட்டும் சிலேட்டோடு நின்றார். பெண்கள் புர்காவைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கடைசியில் அக்தரி வந்தாள்.

"உங்க சின்னம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டார் சுவரைப் பார்த்தபடியே.

"தேவலை. எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னைக் கூடத்துல நிக்க வெச்சி மானத்தை வாங்கிட்டீங்க ரெண்டு பேரும்."

"உங்க தங்கச்சி இல்லைன்னு சொன்னா, பதில் வரலைன்னு சொன்னீங்களே. அப்பவே போச்சி அது" என்றாள் அக்தரி. "பொய் சொல்லத்தான் அவங்களுக்கு உங்க வாய் வேணும்."

வாசலில் ஜட்காக்காரன் வேலாயுதம் காத்திருந்தான். ஜஹீருன்னிசாவும் பில்கிஸும் உள்ளே ஏறியிருந்தார்கள். சைரா குழந்தையோடு படியில் நின்றாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏறு" என்றாள் அக்தரி.

"வேணாம் மாமி. உங்களுக்குக் கஷ்டம். உங்க வீட்டுக்காரர் எங்கப்பாகிட்ட வேலை பாக்கறார்."

"அது எனக்குத் தெரியாதா? குழந்தையைக் குடு, ஏறு."

திரை கட்டிய வண்டிக்குள் நாலு பேரும் ஒரு குழந்தையும் நெருக்கி உட்கார்ந்தார்கள். சர்தார் பாஷா முன்னால் வேலாயுதத்தின் பக்கத்தில் ஏறினார். மடியில் இன்னும் அந்தச் சிலேட்டு இருந்தது. கீழே போடத் தோன்றவில்லை. போட்டால் அழிந்துவிடும்.

"எந்த வீட்டுக்கு பாய்?" என்று கேட்டான் வேலாயுதம். அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "முதலாளி வீட்டுக்கா, நம்ம வீட்டுக்கா?"

முதலாளி வீட்டு வாசலில் மகளை இறக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டால் வேலை மிஞ்சும். தன் வீட்டுக்குக் கூட்டிப்போனால் விடிந்ததும் டேனரியில் வேறொருவன் மேனேஜர். சர்தார் பாஷா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சத்தம் வரவில்லை.

"பாய்ஜான்" என்றாள் ஜஹீருன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து. "மூணு தபா கேக்க மாட்டோம். நீங்க சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவோம்."

அவர் சும்மா இருந்தார்.

"நம்ம வீட்டுக்கு விடுப்பா" என்றாள் அக்தரி.

வேலாயுதம் குதிரையைத் தட்டினான். வண்டி தெருமுனை திரும்பியது. அந்தப் பக்கம் டேனரியைத் தாண்டாமல் போக வேறு வழி கிடையாது. ஊறப்போட்ட தோலின் நாற்றம் முதலில் வந்தது. பிறகு டேனரியின் பெரிய கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே, நடுத்தெருவில், இந்த வண்டியை எதிர்பார்த்து அப்துல் வஹீத் நின்றிருந்தார்.